ஒரு பேச்சுக்கு இடித்த கட்டடம்

குளியலறைக் கதவை மனைவி மறுபடி தட்டியபோது, அவர் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டு, "அன்பார்ந்த குடியிருப்பாளர்களே" என்பதற்கு அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

"குடியிருப்பாளர்ல ஒருத்தி வேலைக்குப் போகணும். கதவைத் திறங்க."

"இதோ, வந்துடும்."

"எது வரும்? எழுந்ததிலேருந்து அன்பார்ந்த குடியிருப்பாளர்களேதான் வந்துக்கிட்டிருக்கு. அவங்கல்லாம் எப்பவோ எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாங்க."

அந்தக் கட்டடத்தில் சுவர்கள் மெல்லியவை. யார் வீட்டுப் பேச்சையும் யாரும் ஒட்டுக்கேட்பதில்லை. கேட்காமல் இருக்கத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும். அப்படிப் பாடுபடுகிறவர்கள் அங்கே யாருமில்லை. அதனால் அவருடைய சங்கடம் காலை டீக்கு முன்பே மாடிப்படி முழுக்கத் தெரிந்துவிட்டது.

எல்லாரும் அவரை ஃபெல்லோ என்றுதான் சொல்வார்கள். கூட ஒரு 'சார்' உண்டு, அது முகத்துக்கு நேராக மட்டும். ஒரு கட்டுமான அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவராக இருந்தார். யாரோ குடியிருக்கப் போகும் வீடுகளை வரைவார். வரைகிறவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு, நகர மறுசீரமைப்பு ஃபெல்லோஷிப் என்று ஒன்று வந்தது. வேலை தெரிந்தவர்களாகப் பார்த்து எடுத்து, பழைய கட்டடங்களை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டுவது எப்படி என்று ஒரு வருடம் பயிற்சி தருவார்கள். தேறினால் நகரத்தின் மறுசீரமைப்பு அலுவலகத்திலேயே நிரந்தர வேலை. இவர் விண்ணப்பித்தார், கிடைத்தது, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பழைய அலுவலகத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து வழியனுப்பினார்கள். அதை வீட்டில் ஆணியடித்து மாட்டுவதற்குள் அவர் நாற்காலியில் வேறொரு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். ஆக, திரும்பிப் போக வழியில்லை.

பயிற்சியில் மற்ற எல்லாவற்றிலும் அவர் கெட்டி. கடைசித் தேர்வுதான் இடறியது. மக்கள் கூட்டம் நடத்திக் காட்ட வேண்டும். ஒரு கட்டடத்தின் எல்லா வீட்டுக்காரர்களும் கூட்டத்தில் கை தூக்கினால்தான் அந்தக் கட்டடத்தை யாரும் தொட முடியும். ஒரு வீடு தூக்காவிட்டாலும் தொட முடியாது, அதுதான் விதி. அப்படி எல்லாரையும் கை தூக்க வைக்கத் தெரிந்தவருக்கே வேலை. ஒத்திகையில் சக ஃபெல்லோக்கள்தான் மக்களாக உட்கார்ந்தார்கள். இவர் எழுந்தார். தன் டம்ளர் தண்ணீரைக் குடித்தார். தலைமை தாங்கிய மேடத்தின் டம்ளரையும் குடித்தார். உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சி மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. தனியாகக் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார்.

"தெரியாத முகத்தைப் பார்த்தாத்தானே பயம்? உங்க கட்டடத்து ஆளுங்களையே உட்கார வச்சுப் பேசிப் பாருங்க. இடமும் உங்க கட்டடம்னே வச்சுக்கங்க. தெரிஞ்ச இடம்னா வாய் தானா திறக்கும்."

மனைவியும் குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து அதையே சொன்னாள். "கண்ணாடி கேள்வி கேக்காது. கீழ்வீட்டுப் பெரியவர் கேப்பார். அவரைக் கூப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் நாற்காலிகள் போட்டாயிற்று. டீ, பிஸ்கட் உண்டு என்றதும் எல்லா வீடும் வந்தது. முன்வரிசையில் கீழ்வீட்டு பேங்க் பெரியவர். காலமெல்லாம் கேஷியராக இருந்தவர். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் படிப்பார். அவருக்குப் பக்கத்தில் முதல் மாடி மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். கடைசியில், மேல்மாடியில் துணி தைத்துக் கொடுக்கும் தையல்கார அக்கா. அவள் கணவர் பெயிண்டராக இருந்தவர். கண் பார்வை போய்ச் சில வருடங்களாகிறது, வெளியே வருவதில்லை.

"இப்ப நான் அதிகாரி. நீங்க மக்கள்," என்று ஃபெல்லோ ஆரம்பித்தார்.

"நாங்க எப்பவும் மக்கள்தானேப்பா. அதுக்கு ஒத்திகை எதுக்கு?" என்றார் பெரியவர்.

"சரிங்க சார். இந்தக் கட்டடத்தை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப் போறாங்க. ஒரு பேச்சுக்கு அப்படி வச்சுக்குவோம்."

டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

"யார் சொன்னது?" என்றார் பெரியவர்.

"யாரும் சொல்லலை சார். வச்சுக்குவோம்."

"வச்சுக்குவோம்னா, எப்பலேருந்து?"

"நாங்க எங்க போறது?" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி. "இவருக்கு எங்க போய் வீடு தேடத் தெரியும்? கடைக்கு வழி மறந்துடும்னுதான் நேர் தெருவிலயே கடை வச்சிருக்கார்."

ஃபெல்லோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிஜமான கேள்விகள்! பயிற்சியில் முதல் பாடமே, கேட்ட கேள்வியைப் பதிலில்லாமல் தொங்க விடாதே என்பதுதான். அவர் விடவில்லை. கட்டி முடிக்கும்வரை மாற்று வீடு தருவோம் என்றார். சாமான் ஏற்ற வண்டியும் தருவோம் என்றார். வார்த்தை வார்த்தையாக, தடங்கலில்லாமல் வந்தது. எப்போது இடிப்பீர்கள் என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு, அந்த வேகத்திலேயே, "மழைக்கு முன்னாடி," என்றார்.

வானத்தைப் பார்த்தார்கள் எல்லாரும்.

மறுநாள் காலை, மருந்துக்கடைக்காரர் சமையலறைக்குப் பூச்சு வேலை பார்க்க வந்த கொத்தனாரை வாசலோடு திருப்பி அனுப்பினார். "இடியப் போற சுவருக்கு எதுக்குய்யா பூச்சு?" கொத்தனார் அதைத் தெரு முழுக்கப் பூசிவிட்டுப் போனார். பெரியவர் வீட்டில் புத்தகங்கள் அட்டைப் பெட்டிக்குள் இறங்கின. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், "நீங்கல்லாம் காலி பண்றீங்களாமே, புது விலாசம் எப்ப தருவீங்க?" என்று ஃபெல்லோவிடமே கேட்டார்.

ஃபெல்லோ பதறிப் போய் மேடத்திடம் ஓடினார். மறுப்பு ஒன்று எழுதி ஒட்டலாமா என்றார். "தாராளமா," என்று மேடம் சிரித்துக்கொண்டே பயிற்சி நிலையத்தின் முத்திரையையும் அதில் குத்திக் கொடுத்தார். 'இக்கட்டடம் இடிக்கப்படும் என்ற தகவல் பயிற்சிக்காக மட்டுமே' என்று மாடிப்படி அடியில் அது ஒட்டப்பட்டது. அதுவரை நம்பாமலிருந்த ஒன்றிரண்டு வீடுகளும் அதைப் படித்ததும் நம்பிவிட்டன.

பெரியவர் அதை ஒட்டிய இடத்திலேயே தடவிப் பார்த்தார். முத்திரை அசல்தான்.

"இல்லாத விஷயத்துக்கு யாராவது முத்திரை குத்துவானா?" என்று கூடியிருந்தவர்களைக் கேட்டார். "இது முதல் நோட்டீஸ். முதல்ல இல்லைம்பான். ரெண்டாவதுல பார்க்கலாம்பான். மூணாவது நோட்டீஸ் வரும்போது நாம இங்க இருக்க மாட்டோம்."

மறுபடி மொட்டை மாடியில் கூட்டம். இந்த முறை டீ கிடையாது, ஆனாலும் எல்லாரும் வந்தார்கள். இது கற்பனைதான் என்று ஃபெல்லோ எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில், "நம்புங்க, நிஜமா இருந்தா இப்படி இருக்குமா?" என்று, பயிற்சிக்காகத் தானே ஆசை ஆசையாக வரைந்த படத்தை விரித்துக் காட்டினார். லிஃப்ட், அகலமான படி, வீட்டுக்கு வீடு வெளிச்சம், மூலை வீடுகளுக்கு மட்டும் ஒரு பால்கனி. நடக்காத காரியத்துக்கு வரைந்ததால் கஞ்சத்தனம் பார்க்காமல் வரைந்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் மனைவி படத்தின் மேல் குனிந்தாள். நிமிரவில்லை.

"இந்த மூலை யாருக்கு?"

"யாருக்கும் இல்லைங்க. இது சும்மா..."

"சும்மான்னா எங்களுக்குக் குடுத்துடுங்க. முதல்ல கேட்டது நான்தான்."

"அதெப்படி?" என்று எழுந்தார் பெரியவர். "இந்தக் கட்டடத்துக்கு முதல்ல குடி வந்தவன் நான். கீழ்த்தளத்துல என் வீடு எங்க?"

"கீழ்த்தளம் கார் நிறுத்தறதுக்கு சார்."

"அப்ப என்னையும் கார் கூடவே நிறுத்திடுவீங்களா?"

அன்றிலிருந்து பெரியவருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பெரியவர் தன் இருமல் மருந்தை எங்கேயோ தூரத்துக் கடைக்குப் போய் வாங்கினார். இல்லாத பால்கனிக்கு மருந்துக்கடைக்காரர் மனைவி இரண்டு பூந்தொட்டிகள் வாங்கி வைத்தாள். அவை மாடிப்படியில் நின்று எல்லார் முழங்காலையும் பதம் பார்த்தன. ஃபெல்லோ சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படத்தைத் திருத்தினார். பெரியவருக்கு ஒரு மூலை. அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு மூலை. திருத்தத் திருத்த மூலைகள் பெருகி, கடைசியில் எல்லா வீடும் மூலை வீடாக இருக்கிற ஒரு கட்டடம் வந்து நின்றது.

"இது என்ன, நட்சத்திரமா?" என்றாள் மனைவி, தட்டை வைக்க இடம் தேடியபடி.

"எல்லாருக்கும் சமாதானம்."

"உங்களுக்கு இருந்தா சரி."

சும்மா சொல்லக் கூடாது, ஒன்றைக் கவனிக்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு வீட்டை மனசுக்குள் ஒருமுறை இடித்துவிட்டால், அப்புறம் அதில் இருக்கிறவர்கள் விருந்தாளி மாதிரி நடக்க ஆரம்பிக்கிறார்கள். மாடிப்படியில் விளக்கு எரியாவிட்டால் யாரும் மாற்றவில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டினால் சொட்டட்டும் என்று விட்டார்கள். சிலர் இவ்வளவு நாள் பார்க்காத ஜன்னலையெல்லாம் நின்று பார்த்தார்கள்.

மேல்மாடி அக்கா மட்டும் எந்த மூலையும் கேட்கவில்லை. ஒரு காலையில், ஃபெல்லோவின் சட்டைக்குப் பொத்தான் தைத்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"இல்ல தம்பி, மெஷின்ல துணி கிடக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். புதுக் கட்டடத்துல எங்க சுவரை மட்டும் அப்படியே வைக்க முடியுமா?"

"எந்தச் சுவர்?"

"கட்டில்லேருந்து சமையலறை வரைக்கும் போற சுவர். அவரே பெயிண்ட் அடிச்சது. எங்க சொரசொரன்னு இருக்கு, எங்க வழவழன்னு இருக்குன்னு விரலுக்குத் தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறார். நான் துணி குடுக்கப் போயிட்டா அவரே டீ போட்டுக்குவார். கண்ணு போனப்ப ஒரு வருஷம் கட்டிலை விட்டு இறங்கலை. திரும்ப முதல்லேருந்துன்னா..." அவள் முடிக்கவில்லை. "புது வீட்டுல அவருக்கு ரெண்டாவது தடவை கண்ணு போன மாதிரி ஆயிடும் தம்பி."

கேட்ட கேள்வியைப் பதிலில்லாமல் விடாத மனுஷன், அன்றைக்கு விட்டார்.

"அக்கா, சத்தியமாச் சொல்றேன். இது நிஜமில்லை."

"நிஜமில்லாததுக்கு ஏன் தம்பி ராத்திரி பகலா மூலை வரையறீங்க?"

சட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். அவர் அந்தப் பொத்தானைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றார். அப்புறம் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் போனார்.

"மேடம், கை மீறிப் போயிடுச்சு. நீங்க ஒரு தடவை வந்து, இதெல்லாம் பயிற்சின்னு உங்க வாயால சொல்லிடுங்க."

அவர் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, மேடத்தின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பூந்தொட்டி, பேச்சுவார்த்தை நின்றது, தையல்கார அக்கா, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார்.

"பிரமாதம்! இந்த வருஷ ஃபெல்லோக்கள்ல வேற யாரும் மக்கள்கிட்ட இவ்வளவு நெருங்கலை. உங்க கடைசித் தேர்வை ஹால்ல வேண்டாம், உங்க மொட்டை மாடியிலயே வச்சுடறேன்."

"அங்கேயா? ஒருத்தர் கை தூக்க மாட்டாங்க மேடம்!"

"நீங்க பேசுங்க, தூக்குவாங்க."

"பயிற்சின்னு நீங்க சொன்னா..."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க அவங்க ஆளு, நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அதுவும் பயிற்சிதான். அந்த நட்சத்திரப் படத்தையும் ஒரு பிரதி எனக்குக் குடுங்க."

வீடு திரும்பியவர் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சோபாவில் சாய்ந்தார். "ஒரு வீடு தூக்கலைன்னாலும் வேலை இல்லை. அவ்வளவுதான்."

மனைவி மேஜையிலிருந்த படத்தைச் சுருட்டி வைத்தாள். "இத்தனை நாள் பொய்யைத்தானே நல்லாப் பேசினீங்க," என்றாள் பிறகு. "உண்மையையும் அப்படியே போய்ச் சொல்லிப் பாருங்களேன். படத்தை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."

அவர் போனார். வீடு வீடாக, வெறும் கையோடு.

எழுதி வைத்த பேச்சு எதுவும் இல்லை. அன்பார்ந்த குடியிருப்பாளர்களே இல்லை. பழைய வேலையை விட்டது, கடிகாரம், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தது, குளியலறைக் கண்ணாடி, மேடம் சொன்ன யோசனை என்று நடந்தது நடந்தபடி சொன்னார். பெரியவர் வீட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

பெரியவர் இவரையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்ப நிஜமாவே நிஜமில்லை?"

"இல்லை சார்."

"அடப்பாவி. இதை முதல் நாளே இந்த மூஞ்சியோட சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே! அதிகாரி மாதிரி பேசினா யார்யா நம்புவா?" உள்ளே திரும்பி, "அந்தப் புஸ்தகத்தையெல்லாம் வெளியில எடு," என்று சத்தம் போட்டார். "சரி, கைதானே தூக்கணும்? நிஜமில்லைன்னா எத்தனை தடவை வேணா தூக்கறேன்."

முதல் மாடியில் மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு மட்டும் முகம் வாடியது.

"பால்கனியும் இல்லையா?"

"இல்லைங்க."

"இல்லாத பால்கனிக்கா நாங்க பெரியவரோட பேசாம இருந்தோம்?" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "போய் அவருக்கு இருமல் மருந்து குடுத்துட்டு வாங்க. தொட்டி ஒண்ணையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

மேல்மாடியில் அக்கா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க மூஞ்சியைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரி தெரியலை தம்பி. பொழப்பு போயிடும்னா வந்து தூக்கறேன். அவரையும் கூட்டிக்கிட்டு வர்றேன். அவர் மேல வந்து காத்து வாங்கி ரொம்ப நாளாச்சு."

தேர்வு நாள் சாயங்காலம் மொட்டை மாடி திருவிழா போல இருந்தது. மாடிப்படியில் யாரோ புது பல்பு போட்டிருந்தார்கள். பெரியவரும் மருந்துக்கடைக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மேடம் ஒரு ஓரமாக உட்கார்ந்து, "தேர்வுக்கு வேணும்," என்று கைப்பேசியில் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

ஃபெல்லோ பேசினார். தண்ணீர் டம்ளரைத் தொடவே இல்லை. இடித்துக் கட்டுவதில் என்ன வரும், என்ன போகும் என்று இரண்டையும் சொன்னார். போவதைச் சொல்லும்போது குரல் இறங்கியது; கூட்டம் அசையாமல் கேட்டது. மக்கள் தங்கள் பாத்திரத்தை மறக்காமல், ஒப்புக்கு நாலு கேள்வி கேட்டார்கள். பெரியவர் ஒரு கேள்வியைக் கோபமாகக் கேட்டுவிட்டு, மேடம் பார்க்காதபோது கண்ணடித்தார்.

மேடம் எழுந்து நின்றார். "உங்க கட்டடத்தை இடிச்சுப் புதுசாக் கட்ட உங்களுக்குச் சம்மதமா? சம்மதிக்கிற வீட்டுக்காரங்க கை தூக்கலாம்."

பெரியவர் கை முதலில் போனது. மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, எதிர்வீடு, பின்வீடு, ஃபெல்லோவின் மனைவி என்று வரிசையாகக் கைகள் எழுந்தன. தையல்கார அக்காவின் கை மட்டும் மடியில் கிடந்தது. கணவரின் விரல்கள் அதைப் பிடித்திருந்தன.

"எதுக்குக் கை தூக்கறாங்க?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"தம்பிக்குப் பரீட்சை," என்றாள் அவள். "நிஜமில்லை."

"அப்ப தூக்கு," என்று, பிடித்திருந்த கையை அவரே தன் கையோடு சேர்த்து மேலே தூக்கினார். எல்லாக் கைகளையும்விட அது உயரத்தில் நின்றது.

மேடம் கைப்பேசியை ஒவ்வொரு முகமாக நகர்த்திப் படம் பிடித்து முடித்தார். "தேறிட்டீங்க. திங்கட்கிழமையே வந்து வேலையில சேர்ந்துடுங்க," என்றார். மாடியே கைதட்டியது. பெரியவர் ஃபெல்லோவைக் கட்டிக்கொண்டு, "கேஷ் சரியா இருக்கு!" என்றார். மனைவி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள்.

மேடத்தை வழியனுப்ப ஃபெல்லோ கீழே வந்தார். மேடம் வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து, யாரிடமோ தணிந்த குரலில் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். மேலே இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனசு நிறைந்திருந்ததால் ஃபெல்லோவுக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. வேனை வளைத்துத் திருப்பிய டிரைவருக்கே ஒரு கும்பிடு போட்டு, "ரொம்ப நன்றிங்க," என்றார்.

டிரைவர் கண்ணாடியை இறக்கி, கூச்சத்தோடு சிரித்தார்.

"நியாயமா எனக்குத்தான் சார் நீங்க நன்றி சொல்லணும், இந்தக் கட்டடத்துக்காரங்களை எப்படிக் கை தூக்க வச்சு இடிக்கிறதுன்னு மேடம் போன வருஷம் பூரா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தப்ப, 'அங்கேயே குடியிருக்கற ஒருத்தரை ஃபெல்லோவா எடுத்துடுங்களேன்'னு சொன்னதே நான்தான்."